காலிக் கிண்ணம்

அத்தியாயம் பதினொன்று

கார் குலுங்கி நின்றது.

பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே, ஜன்னல் வழியாக இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டுப் போனார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண் பதறிப்போனாள். "அக்கா, நான் ஒண்ணுமே பண்ணல. வண்டி தானா நின்னுடுச்சு!"

தானாக நிற்கவில்லை. ஓட்டப் பழகுகிற காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. மிதித்தது பக்கத்தில் இருந்த டீச்சர்தான்.

அந்த வட்டாரத்துப் பெண்கள் அவளை 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்துப் பேர் சொல்லிக் கொடுக்கலாம், அவளைப் போல பிரேக் மிதிக்க ஆள் கிடையாது. பூனை நடக்கிற மாதிரி அத்தனை மெதுவாக மிதிப்பாள். ஓட்டுகிறவள், தானே வண்டியை நிறுத்திவிட்டதாக நினைத்துப் பெருமூச்சு விடுவாள். 'நான் மிதிச்சது அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பயம் வந்துடும். பயம் வந்தா பாடம் போச்சு' என்பது அவள் கட்சி.

இன்று மிதித்த மிதியில் டாஷ்போர்டு பொம்மை தெறித்துக் கீழே விழுந்திருந்தது.

"இப்ப என்ன சொன்னே? மறுபடி சொல்லு."

"எதை அக்கா?"

"அந்த ஊதுற டெஸ்ட்."

அந்தப் பெண் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். பயம் தெரியாமல் இருக்க, வளவளவென்று பேசிக்கொண்டே ஓட்டுகிற ரகம். "அதுவா? நேத்து ஒருத்தர் வந்தாருக்கா. வயித்துல கிருமி இருக்கான்னு பாக்க, ஒரு தண்ணியக் குடிக்க வச்சு, பையில ஊதச் சொல்வோமே, அந்த டெஸ்ட். காலையில அசிடிட்டி மாத்திரையை முழுங்கிட்டு வந்து ஜம்முனு ஊதறாரு. அந்த மாத்திரை போட்டா கிருமி பதுங்கிக்கும். இருந்தாலும் இல்லைன்னுதான் காட்டும். ரெண்டு வாரம் நிறுத்திட்டு வரணும். திருப்பி அனுப்பிட்டோம்."

"இல்லைன்னு வந்தா இல்லைன்னுதானே அர்த்தம்?"

"மாத்திரை போடாதவங்களுக்குக்கா. போட்டவங்களுக்கு அந்த ரிசல்ட் செல்லாக்காசு."

பிரேக் அக்கா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

*

சென்ற வாரம் இவள் குடும்பம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததை மறந்திருக்க மாட்டீர்கள். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி.

பிரேக் அக்காவின் கணவன் நீச்சல் பயிற்சியாளர். ஊருக்கே 'கோச்'. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு வருஷம் ஒன்றுக்கு மேலாகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டான். வயிறுதான் அவனை வீழ்த்தியது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். வாயில் எந்நேரமும் இரும்பைச் சப்பின மாதிரி ஒரு ருசி. ஆரம்பித்தால் மணிக்கணக்கில் நிற்காத விக்கல்.

அவனுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தவர் அவனுடைய அக்கா; பிரேக் அக்காவுக்கு அண்ணி. ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. லீவு போட்டுவிட்டு, வேறு ஊரிலிருந்து வந்து ஒரு மாதமாக இங்கேயே தங்கியிருக்கிறார்.

"கொடுக்கிறவங்களுக்கும் வாங்கிக்கிறவங்களுக்கும் வயிறு சுத்தமா இருந்தாத்தான் கத்தி எடுப்பேன்," என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். மாற்றிய பிறகு கொடுக்கிற மருந்துகள் முரட்டு மருந்துகள். கிருமியும் புண்ணும் ஒளிந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அதனால் தம்பியும் அக்காவும் பையில் ஊதினார்கள். கோச் ஒரே மூச்சில் நிரப்பினான். இருவருக்கும் கிருமி இல்லை என்று வந்தது. வருகிற வியாழக்கிழமை அறுவை சிகிச்சை.

வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று பிரேக் அக்காவிடம் இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு மாத்திரை புதுசா நீட்டினீங்க, சோத்தையே நிறுத்திடுவேன்," என்று அண்ணி வந்து இறங்கிய அன்றைக்கே கோச் தட்டைத் தள்ளியிருந்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மருந்துக் கடையில் தனக்கு வயிறு எரிகிறது என்று பொய் சொல்லி அசிடிட்டி கேப்ஸ்யூல் அட்டைகள் வாங்கினாள். தினமும் விடிகாலை முதல் வகுப்புக்குக் கிளம்பும் முன், கேப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொடி உருண்டைகளைக் கஞ்சியில் கலந்து, மூடி வைத்துவிட்டுப் போவாள்.

திரும்பி வந்து பார்த்தால் கிண்ணம் காலி.

மாதக்கணக்கில் பாதிக்கு மேல் இறங்காத கஞ்சி, துடைத்து வைத்த மாதிரி காலி! அந்தக் காலிக் கிண்ணத்தைக் கழுவ மனம் வராமல், கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றிருக்கிறாள். நல்ல செய்தி வந்தால் சாமி படத்துக்கு முன்னால் நிற்பார்களே, அப்படி.

ஊதுகிற அன்றைக்கு, "ஏதாவது வயித்து மாத்திரை எடுக்கறீங்களா?" என்று நர்ஸ் கேட்டிருப்பார். "இல்லை" என்று அவன் சத்தியமாகச் சொல்லியிருப்பான். அவள் அப்போது கீழே காருக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

*

மீதி வகுப்பை ரத்து செய்துவிட்டு நேராக நீச்சல் குளத்துக்கு ஓட்டினாள்.

உள்ளே நுழைந்ததும் குளோரின் வாடை முகத்தில் அடித்தது. கோச் கரையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்திருந்தான். மெஷினோடு இணைக்கும் குழாய் கழுத்துக்குக் கீழே கட்டுப் போட்டு இருந்தது. அது இருக்கும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது. குடிக்கவும் அளவுத் தண்ணீர்தான். பாதி வாழ்க்கையைத் தண்ணீருக்குள் கழித்தவன், தண்ணீருக்குப் பக்கத்தில் உலர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன டிரைவரம்மா, பாதி கிளாஸ்ல வந்து நிக்கிறே? எவளாவது மரத்துல ஏத்திட்டாளா?"

"இல்ல. உங்களைப் பாக்கணும் போல இருந்துச்சு."

"காலையிலதானே பாத்தே?"

"அது காலையில."

அவன் சிரித்தான். சிரித்ததும் முகத்தைச் சற்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நோய் வந்ததிலிருந்து மூச்சில் ஒரு நெடி. அது அவளுக்குத் தெரியக் கூடாது என்று முகத்தைத் திருப்பித் திருப்பியே பேசிப் பழகிவிட்டான். தன் பக்கமாக நேராகத் திரும்பி அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவள் யோசித்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன பண்ணுவேன், சொல்லு பாக்கலாம்?"

"சொம்பு நிறைய தண்ணி குடிப்பீங்க."

"அது ரெண்டாவது." அவன் குளத்தைப் பார்த்தான். "முதல்ல எனக்குப் பசிக்கணும். நீந்தி முடிச்சுக் கரையேறினா ஒரு பசி எடுக்கும். கண்ணு இருட்டும். கல்லைக் கொடுத்தாலும் கடிச்சுத் தின்னலாம். நம்ம கல்யாணமான புதுசுல, ஈரத் தலையோட வந்து நான் நின்னா நீ கரண்டியும் கையுமா ஓடி வருவியே? அந்தப் பசி. அதுக்கு என் அட்ரஸே மறந்துபோச்சுடி."

"ஏன், இப்பவும்தான் தினம் கஞ்சியைச் சுத்தமாக் குடிச்சிடறீங்க. பசிச்சுத்தானே குடிக்கறீங்க?"

தண்ணீரில் ஒருவன் கையைத் தப்பாக வீச, கோச் விசிலை ஊதினான். பிறகு, "ம்," என்றான். அடுத்த நொடி விக்கல் வந்தது.

அந்த 'ம்' எங்கேயோ உறுத்தியது. ஆனால் அவள் தன் உறுத்தலையே சுமக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சொன்னால் வியாழக்கிழமை போகும். சொல்லாவிட்டால் ஆளே போகலாம். தராசு தெளிவாகத்தான் இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. வியாழக்கிழமை என்று சொல்லும்போது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைத் தன் கையாலேயே அணைப்பதா?

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்," என்று மட்டும் சொன்னாள்.

*

"பயணிகள் கவனிக்கவும்," என்று கதவைத் திறந்தார் அண்ணி. "நேரத்துக்கு முன்னாடியே ரெண்டு பேர் வந்து சேர்ந்திருக்காங்க. இது இந்த வீட்டு வரலாற்றுலயே முதல் தடவை. என்னாச்சு?"

சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீடுவரை கேட்கிற குரல். பிரேக் அக்கா செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே போய், அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு, கேப்ஸ்யூல் அட்டையை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"உக்காருங்க ரெண்டு பேரும். நடுவுல பேசாதீங்க. பேசினா நான் அழுதுடுவேன், அப்புறம் சொல்ல மாட்டேன்."

ஒன்றுவிடாமல் சொன்னாள். மருந்துக் கடைப் பொய், கஞ்சியில் கலந்தது, லேப் பெண் சொன்னது, எல்லாம். "நல்லது பண்றதா நினைச்சேங்க. உங்களுக்குத் தெரியாம நான் மிதிச்சா வண்டி பத்திரமா நிக்கும்னு நினைச்சேன். உங்க ரிசல்ட் செல்லாது. உங்க வியாழக்கிழமையை நான்தான் கெடுத்தேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

கோச் அக்காவைப் பார்த்தான். அக்கா தம்பியைப் பார்த்தார். சின்ன வயதில் ஒன்றாகத் திருடி ஒன்றாக மாட்டிக்கொண்டவர்களின் பார்வை.

"நீ சொல்லு," என்றான் அவன்.

"நான் ஏண்டா சொல்லணும்? கெஞ்சினது நீ."

"குடிச்சது நீ."

பிரேக் அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "என்ன குடிச்சது?"

அண்ணியின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "கஞ்சி. வந்த மறுநாள்ல இருந்து அவன் கஞ்சி எல்லாம் என் வயித்துலதான் போகுது. மூடியைத் திறந்தாலே இவனுக்குக் குமட்டுது. கொட்டவும் மனசு வரல. 'அவ விடியறதுக்கு முன்னாடி எழுந்து வைக்கிறாக்கா, அப்படியே இருந்தா முகம் வாடிடும், நீ குடிச்சிடு'ன்னு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினான். லேசாக் கசந்துச்சு. உன் கைப்பக்குவமே அப்படிப் போலன்னு விட்டுட்டேன்."

"ஒரு வாய்கூட?" என்றாள் அவள், கணவனைப் பார்த்து.

"ஒரு ஸ்பூன்கூட இல்ல," என்றான் அவன். சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தான். "மாத்திரை அத்தனையும் அக்காவுக்கு! என் ரிசல்ட் நல்ல ரிசல்ட்தாண்டி. நீ ஒண்ணும் கெடுக்கல!"

அண்ணியும் சிரித்தார். அவளும்கூடச் சிரித்தாள். நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு போயிற்று.

சிரித்து முடிக்கும்போதுதான் அது சுருக்கென்று தைத்தது. அவ்வளவு நாளும் கழுவ மனம் வராமல் கையில் ஏந்தி நின்ற கிண்ணம், அவன் தொடாத கிண்ணம். அவன் தேறி வருகிறான் என்று அவள் கண்ட அத்தனை காலையும் பொய். அவள் வைத்த கஞ்சியை அவன் ஒரு வாய் குடித்து ஒரு மாதம் ஆகிறது.

சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஏய்... ஏய், இங்க பாரு," என்று கோச் எழுந்து வந்தான். "மத்தியானம் உன் எதிர்ல நாலு வாய் சாப்பிடறேனே, அதுவே எனக்கு மலையேற்றம். காலையிலயும் ஏறச் சொன்னா எப்படி? அதைச் சொன்னா நீ அழுவே. அதான் சொல்லல."

"இப்ப மட்டும் என்ன பண்றேனாம்?"

*

ஆனாலும் டாக்டரம்மாவுக்குச் சொல்லாமல் விட முடியாது. மேஜை நடுவில் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தப் பக்கம் முழுக்கதையையும் கேட்டுவிட்டு நீண்ட பெருமூச்சு வந்தது.

"முதல்ல ஒண்ணு. கிட்னி போனவங்களுக்கு என்னைக் கேக்காம ஒரு இருமல் மருந்துகூடக் கொடுக்கக் கூடாது. நமக்குச் சாதுவா இருக்கற மருந்து அவங்க உடம்புல வெளியேற வழியில்லாமத் தங்கிடும். புரியுதா?"

"புரியுது டாக்டர்."

"ரெண்டாவது. அவர் குடிக்கலைன்னா அவர் ரிசல்ட் செல்லும். குமட்டல், விக்கல் எல்லாம் ரத்தத்துல கழிவு தேங்கறதால வர்றது. கிட்னி மாத்தினா குறையும்னு நம்பறேன். ஆனா..." குரல் நின்றது. "மாத்திரையைக் குடிச்சவங்களும் அன்னைக்கு ஊதினாங்களே?"

அண்ணி மெல்லத் தன் வயிற்றில் கையை வைத்தார்.

"கிருமி இருக்குன்னு நான் சொல்லல. இல்லைன்னு சொல்ல முடியாதுன்னுதான் சொல்றேன். அம்மா, உங்களுக்கு வயித்தெரிச்சல் எதுவும் உண்டா?"

"எப்பவாவது... ராத்திரி வேலைன்னா கண்டதையும் தின்போம். ஆனா இங்க வந்ததுல இருந்து சுத்தமா இல்லைங்க. இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சுன்னு நினைச்சேன்."

"தண்ணி இல்லம்மா. கேப்ஸ்யூல்." டாக்டரம்மா யோசித்தார். "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க. வாய் வழியாக் குழாய் விட்டு வயித்தை நேர்லயே பாத்துடலாம். மாத்திரையை இன்னியோட நிறுத்துங்க, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஊதணும். கிருமி இருந்தா மருந்து கொடுத்து, போயிடுச்சான்னு பாத்து, அதுக்கப்புறம்தான் மத்தது. வியாழக்கிழமை வேண்டாம்."

கோச் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொண்ணு. அந்த வீட்டுல இனிமே ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் எதையும் கலக்காதீங்க. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் எதையும் குடிக்கவும் வேண்டாம்."

போன் அணைந்தது. அண்ணி எழுந்து, "நான் கொஞ்சம் படுக்கறேன்," என்று தன் அறைக்குப் போனார். அந்த வீட்டில் அவர் சத்தமில்லாமல் நடந்து போனது அதுதான் முதல் தடவை.

*

சாயங்கால வெயில் மேஜைமேல் நீளமாக விழுந்திருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"வியாழக்கிழமை போச்சு," என்றான் கோச்.

"என்னாலதான்."

"உன்னால பாதி. என்னால பாதி. அக்கா நாக்குக்கும் ஒரு பங்கு கொடு. கசந்துச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் சிரிக்கவில்லை. "இனிமே கஞ்சி வைக்க மாட்டேன். ஒளிச்சும் எதையும் கொடுக்க மாட்டேன். என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க. அதை மட்டும் செய்யறேன். ஒண்ணும் வேண்டாம்னாலும் சரி."

அவன் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினான்.

"நீ சாப்பிடு."

"என்னது?"

"நான் படுத்ததுல இருந்து நீ சமையல்கட்டுல நின்னுக்கிட்டே முழுங்கிட்டு வர்றே. என்னால முடியலைங்கறதுக்காக, என் கண்ணுல படக் கூடாதுன்னு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உன்னைக் கட்டிக்கிட்டதுல எனக்குப் பிடிச்சதே நீ சாப்பிடறதுதான். முதல் வாய்ல கண்ணை மூடுவே. நல்லா இருந்தா தோள் ரெண்டும் லேசா ஆடும். அதைப் பாத்து எத்தனை நாளாச்சு? எனக்குப் பசி வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் உன் பசியையாவது பாக்கறேனே. தட்டைப் போட்டுக்கிட்டு வந்து இங்க உக்காரு."

அவள் போய்த் தட்டில் சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை. முதல் வாய் எடுத்தாள். அவளை அறியாமல் கண் மூடியது.

திறந்தபோது அவன் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எதற்கோ ஏங்கி ஏங்கிக் கடைசியில் ஜன்னல் வழியாகவாவது பார்த்துவிட்டவனைப் போல இருந்தது அந்த முகம்.

இரண்டாவது வாய். மூன்றாவது.

அப்போதுதான் உள் அறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. யாரோடோ போனில். ரகசியம்தான் பேசினார். ஆனால் அந்தக் குரலுக்கு ரகசியம் பேசத் தெரியாதே.

"நாளைக்குக் குழாய் விட்டுப் பாக்கப் போறாங்களாம்... ஆமா, தெரிஞ்சிடும்... இல்ல, அப்ப நம்ம ஊர் ஆஸ்பத்திரியில பாத்ததை இவங்ககிட்ட நான் சொல்லல. சொல்லியிருந்தா என்கிட்ட கிட்னி எடுத்துக்கவே மாட்டாங்கடி..."

அவள் கை பாதியில் நின்றது. எதிரே கோச்சின் முகமும் வெளுத்திருந்தது. அவனுக்கும் கேட்டுவிட்டது.

கேட்காத மாதிரி இருந்துவிடலாம். அண்ணிக்கு நோகாமல், மெதுவாக, நாளைக்கு வழியில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு கணம் அவள் மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது.

"அண்ணி!" என்று கூப்பிட்டாள். "போனை வச்சிட்டு இங்க வாங்க. அதை இங்க உக்காந்து எங்ககிட்ட சொல்லுங்க."

உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. பிறகு கதவு திறந்தது. அண்ணி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், தம்பிக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தட்டைப் பார்த்தார்.

"முதல்ல நீ சாப்பிட்டு முடி," என்றார். "நான் சொன்னப்புறம் உனக்கு இறங்காது."

தட்டில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.